ஈஸி டு மாடரேட்

வங்கி கிளார்க் தேர்வு எழுதுகிறவர்களின் கடிதங்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே. பதில் சொல்பவன் ஓய்வு பெற்ற கேஷியர். எண்ணிப் பார்த்துக் கொடுத்தே பழகியவன். பதிலும் அப்படித்தான் இருக்கும்.

● ‘பைண்டிங் பிரியன்’, தேனி: கடந்த ஐந்து வருடத் தேர்வு அனாலிசிஸ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை தேறிவிடுவேனா?

பைண்டிங் கடைக்காரர் தேறிவிட்டார். உங்கள் கதையைச் சொல்ல, எத்தனை பக்கத்தில் பென்சில் கோடு விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

● ‘சந்தேகப் பேர்வழி’, கும்பகோணம்: வங்கித் தேர்வில் கேள்வித்தாளை வெளியிடுவதே இல்லை என்கிறார்கள். பிறகு இந்த அனாலிசிஸ் எங்கிருந்து முளைக்கிறது?

ஞாபகத்திலிருந்து. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு முடிந்தால் உத்தேச விடைகள் இணையதளத்துக்கு வந்துவிடும். வங்கிகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ்.ஸில் எல்லாமே கம்ப்யூட்டரில் நடப்பது. கணக்குப் போட்டுப் பார்த்த ரஃப் தாளைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். வாசலில் வந்தவரைப் பிடித்து, ‘என்ன கேட்டான், என்ன கேட்டான்’ என்று விசாரித்துத் தொகுத்ததே நாம் படிக்கும் அனாலிசிஸ்.

பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டுப் பாருங்கள். உப்புக் கரித்த சாம்பாரைத்தான் முதலில் சொல்வார். நன்றாக இருந்த பொரியலும் அப்பளமும் வாயில் போனது அவர் நினைவிலேயே இருக்காது. தேர்வும் அப்படியே. ஏழு பேர் வட்ட மேஜையில் உட்கார்ந்து உயிரை வாங்கிய பஸில் நன்றாக ஞாபகம் இருக்கும். சத்தமில்லாமல் போட்டுவிட்டு வந்த பத்து சிம்ப்ளிஃபிகேஷன் மறந்து போகும். ஆகவே அனாலிசிஸில் ‘எந்தத் தலைப்பில் எத்தனை கேள்வி’ என்பதை நம்பலாம். நாலு பேர் சொன்னதை ஒப்பிட்டால் எண்ணிக்கை ஓரளவு சரியாக வரும். ‘கஷ்டமா, சுலபமா’ என்ற பகுதியை உப்புக் கரித்த சாம்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

● ‘பி.காம்.’, விருதுநகர்: எல்லா அனாலிசிஸிலும் ‘ஈஸி டு மாடரேட்’ என்றே போடுகிறார்களே, அப்படியென்றால் என்ன?

‘ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும்’ என்பதன் தேர்வு வடிவம். எப்படியும் பொய்யாகாது.

● ‘எதை எடுப்பது?’, பொள்ளாச்சி: சரி ஐயா, குறை சொன்னது போதும். அனாலிசிஸிலிருந்து நான் உருப்படியாக எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

எலும்புக்கூடு. சதையை நீங்கள்தான் போட வேண்டும்.

முதல் கட்டமான பிரிலிம்ஸில் ஆங்கிலம் 30 கேள்வி, கணக்கு 35, ரீசனிங் 35. பகுதிக்கு 20 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்ததற்கு மாற்ற முடியாது. கணக்கில் ஒரு கேள்விக்குக் கிடைப்பது 34 விநாடி. இது அறிவிப்பிலேயே இருக்கிறது. அனாலிசிஸ் இதற்கு மேல் சொல்வது, அந்த 35 எப்படிப் பிரிகிறது என்பதை. பல வருட அனாலிசிஸை அடுக்கி வைத்தால், ரீசனிங்கில் ஏறக்குறைய பாதியைப் பஸிலும் சீட்டிங் அரேஞ்மென்டும் பிடித்துக்கொள்வது தெரியும். கணக்கில் சிம்ப்ளிஃபிகேஷன் பெரிய பங்கு எடுக்கும். கூடவே நம்பர் சீரிஸ், ஒரு டேட்டா இன்டர்ப்ரிடேஷன், மிச்சத்துக்கு வட்டி, சதவீதம், நேரம்-வேலை என்று உதிரிகள்.

இப்போது உங்கள் நோட்டை எடுங்கள். நான் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் சாயங்காலம் பணம் ஐந்நூறு குறைந்தால், ‘இன்றைக்குக் கூட்டம் ஈஸி டு மாடரேட்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு வவுச்சராகப் புரட்டி எங்கே விட்டோம் என்று பிடிக்க வேண்டும். அதுதான் அனாலிசிஸ். ஒரு மாக் டெஸ்ட் எழுதியதும் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ‘தெரியாது’, ‘அவசரம்’, ‘நேரம்’. தெரியாதது என்றால் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். அவசரம் என்றால் கழித்தலில் கடன் வாங்க மறந்த கேஸ். அதற்குப் புதுப் பாடம் எதுவும் வேண்டாம், நிதானம் வேண்டும். நேரம் என்றால் கேள்வியைத் தேர்ந்தெடுத்ததே தப்பு; அதைத் தொடாமல் தாண்டியிருக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு. பெரும்பாலோர் மூன்றுக்கும் ‘இன்னும் நிறையப் படிக்கணும்’ என்ற ஒரே கஷாயத்தைக் குடிக்கிறார்கள்.

பிறகு உங்கள் நோட்டையும் வெளியார் அனாலிசிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேர்வில் அதிகம் வரும் தலைப்பும் நீங்கள் அதிகம் தவறும் தலைப்பும் எங்கே சேர்கிறதோ, அங்கே ஒரு மாதம் உட்காருங்கள். வருடத்துக்கு ஒரு கேள்வி வரும் தலைப்பில் புலியாக இருந்து யாரைக் கடிக்கப் போகிறீர்கள்?

● ‘அழுத கண்’, ராமநாதபுரம்: யூடியூபில் ‘குட் அட்டெம்ப்ட் 80 முதல் 85’ என்றார்கள். நான் 62தான் போட்டேன். அன்று இரவு சாப்பிடவே இல்லை.

சாப்பிட்டிருக்கலாம். 85 போட்டவருக்கு 60 சரி, 25 தப்பு என்று வையுங்கள். தப்புக்குக் கால் மார்க் வீதம் 6.25 போய்விடும், கையில் 53.75. நீங்கள் போட்ட 62-இல் 58 சரி, 4 தப்பு என்றால் ஒரு மார்க்தான் போகிறது, கையில் 57. அட்டெம்ப்ட் என்பது கல்யாணத்துக்கு வந்த கூட்டம். மொய் எவ்வளவு என்று எண்ணினால்தான் தெரியும்.

● ‘இங்கி பிங்கி பாங்கி’, ஈரோடு: தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் ஒன்றைக் கிளிக் செய்யலாமா?

ஐந்து ஆப்ஷனில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால், ஐந்து கேள்விக்கு ஒன்று சரியாகி ஒரு மார்க் வரும். மற்ற நான்கும் தப்பாகி நாலு கால் போகும். நிகர லாபம் சைபர், கை வலி மட்டும் மிச்சம். ஒரு ஆப்ஷனை ‘இது கண்டிப்பாக இல்லை’ என்று உறுதியாகத் தள்ள முடிந்தால் கணக்கு மயிரிழை உங்கள் பக்கம் சாயும். இரண்டைத் தள்ள முடிந்தால் துணிந்து தொடலாம். ஒன்றையும் தள்ள முடியாதபோது தொடுவது ஆசை, ஆசைக்கு ஐ.பி.பி.எஸ். மார்க் போடுவதில்லை.

● ‘மாலை ஷிஃப்ட் பாவி’, கடலூர்: என் ஷிஃப்ட் பயங்கரக் கஷ்டம். காலை ஷிஃப்ட் எழுதிய என் சித்தப்பா மகனுக்கு எல்லாம் சுலபம். இது என்ன நியாயம்?

அதற்குத்தான் நார்மலைசேஷன் இருக்கிறது. ஐ.பி.பி.எஸ். பயன்படுத்தும் முறைக்கு ஈக்வி-பெர்சென்டைல் என்று பெயர். உங்கள் ஷிஃப்டில் 55 எடுத்தவர் நூற்றுக்கு எண்பது பேரைத் தாண்டியிருக்கிறார், காலை ஷிஃப்டில் எண்பது பேரைத் தாண்ட 63 தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 55-ம் இந்த 63-ம் ஒரே படியில் நிற்பதாகக் கணக்கு. எத்தனை மார்க் என்பதைவிட எத்தனை பேரைத் தாண்டினீர்கள் என்பதுதான் எடுபடும். எனவே ஷிஃப்ட் வாரியான அனாலிசிஸைப் பார்த்துப் பொருமுவது வீண். கஷ்டமான ஷிஃப்டில் மற்றவர்களும் உங்களோடு சேர்ந்துதான் நனைந்தார்கள்.

சித்தப்பா மகனிடம் இதைச் சொல்ல வேண்டாம். ரிசல்ட் வரைக்கும் சந்தோஷமாக இருக்கட்டும்.

● ‘கட்-ஆஃப் காதலன்’, சேலம்: போன வருடக் கட்-ஆஃபை இலக்காக வைத்துப் படிக்கலாமா?

எந்த மாநிலத்துக் கட்-ஆஃப்? எந்தப் பிரிவுக்கு? கிளார்க் தேர்வில் காலியிடமும் கட்-ஆஃபும் மாநிலத்துக்கு மாநிலம், பிரிவுக்குப் பிரிவு வேறு. வடக்கே இருந்து ஒருவர் இந்தியில் வீடியோ போட்டுச் சொல்லும் எண்ணைப் பார்த்து இங்கே சேலத்தில் ஒருவர் காய்ச்சலில் படுப்பதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டிலேயே நடந்தது ஒன்று. 2019-இல் ஸ்டேட் வங்கியின் பிரிலிம்ஸ் முடிவில் தமிழ்நாட்டுக்கான கட்-ஆஃப், பொதுப்பிரிவு, ஓ.பி.சி., எஸ்.சி. மூன்றுக்கும் 61.25. எஸ்.டி.க்கு 53.75. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு 28.5. பெரிய அரசியல் விவாதமே கிளம்பியது. அந்த விவாதத்துக்குள் போக இந்தப் பத்தியில் இடமில்லை. ஆனால் படிக்கிறவர் கவனிக்க வேண்டியது உண்டு. ஸ்டேட் வங்கி ஒவ்வொரு பிரிவிலும் காலியிடத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு பேரை அடுத்த கட்டமான மெயின்ஸுக்கு அழைக்கிறது. அந்தப் பிரிவில் எத்தனை பேர் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து கோடு விழும் இடம் மாறுகிறது. கட்-ஆஃப் என்பது வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் தெரியும் கறை. அடுத்த வெள்ளம் எவ்வளவு உயரம் என்று கறை சொல்லாது. உங்கள் மாநிலம், உங்கள் பிரிவு இரண்டுக்கும் கடைசி மூன்று வருட எண்ணைப் பாருங்கள். மிக அதிகமானதற்கு மேல் ஐந்து மார்க் வைத்துக்கொண்டு, மறந்துவிட்டுப் படியுங்கள்.

● ‘இரட்டைச் சவாரி’, நாகர்கோவில்: ஸ்டேட் வங்கித் தேர்வின் அனாலிசிஸை வைத்து ஐ.பி.பி.எஸ்.க்குத் தயாராகலாமா?

பிரிலிம்ஸ் எலும்புக்கூடு ஒன்றேதான்: 30, 35, 35. ஆனால் ஸ்டேட் வங்கியில் தனித்தனிப் பகுதிக்குக் குறைந்தபட்ச மார்க் இல்லை. மொத்தம் தேறினால் போதும். ஐ.பி.பி.எஸ்.ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்-ஆஃப். கணக்கில் சிங்கமாகவும் ஆங்கிலத்தில் பூனையாகவும் இருப்பவர் அங்கே தப்பிக்கலாம், இங்கே வாசலிலேயே நிறுத்தப்படுவார். ஸ்டேட் வங்கி அனாலிசிஸைப் படித்துவிட்டு ‘ஆங்கிலத்தை விட்டுப் பிடிக்கலாம்’ என்று முடிவு செய்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பிடிக்கவே இல்லை.

● ‘அனுபவசாலி’, திருவண்ணாமலை: நாலு வருட மெயின்ஸ் அனாலிசிஸ் என் விரல் நுனியில். 190 கேள்வி, 160 நிமிடம். எந்த இடத்தில் எதைப் போடுவது என்று திட்டமே தயார். எப்படி?

திட்டம் அருமை. தேர்வுதான் வேறு. 2025-இல் ஐ.பி.பி.எஸ். அந்த மெயின்ஸையே மாற்றிவிட்டது. இப்போது 155 கேள்வி, 120 நிமிடம். மார்க் மட்டும் அதே 200. ‘கிளார்க்’ என்ற பெயரையும் எடுத்துவிட்டு ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று வைத்துவிட்டார்கள். (பாஸ்புக் பிரிண்டர் மாறாது, கவலை வேண்டாம்.)

கோபப்படாமல் கணக்குப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். நாற்பது நிமிடத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? ஆங்கிலத்தில் கையே வைக்கவில்லை: 40 கேள்வி, 35 நிமிடம், அப்படியே. ரீசனிங்கில் 45 நிமிடம் 35 ஆனது. கேள்வியும் 50-லிருந்து 40. கணக்கில் 45 நிமிடம் 30 ஆனது. கேள்வி 50-லிருந்து 35. இந்த இரண்டிலும் ஒரு கேள்விக்குக் கிடைக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை, இரண்டு மூன்று விநாடி குறைவு, அவ்வளவுதான். அடி விழுந்தது பொது அறிவிலும் நிதி அறிவிலும். 50 கேள்விக்கு 35 நிமிடம் இருந்தது. 40 கேள்விக்கு 20 நிமிடம் ஆகிவிட்டது. 42 விநாடி இருந்த இடத்தில் 30 விநாடி. யோசித்து, நெற்றியைத் தடவி, ‘எங்கேயோ படித்தேனே’ என்று மேலே பார்க்கும் நேரத்தைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 20 நிமிடத்துக்கு 50 மார்க், நிமிடத்துக்கு இரண்டரை. ரீசனிங்கில் 35 நிமிடத்துக்கு 60. கணக்கில் 30 நிமிடத்துக்கு 50. ஆங்கிலத்தில் 35 நிமிடத்துக்கு 40. மண்டபத்துக்குள் நிமிடத்துக்கு அதிகக் கூலி கொடுக்கும் பகுதி, வீட்டில் செய்தித்தாள் படித்தவருக்குத்தான் கொடுக்கிறது. பழைய அனாலிசிஸை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. முதலில் இந்த வருட அறிவிப்பு, பிறகு பழைய அனாலிசிஸ். பரிமாறுவதற்கு முன் இலை போட வேண்டாமா?

பிரிலிம்ஸ் மார்க் தகுதிக்கு மட்டும். இறுதிப் பட்டியலுக்கு மெயின்ஸ் மார்க்தான் என்பதையும் விரல் நுனியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

● ‘நினைவாற்றல்’, புதுக்கோட்டை: பழைய தேர்வுகளில் வந்த வங்கிப் பொது அறிவுக் கேள்விகளை மனப்பாடம் செய்கிறேன். பலன் உண்டா?

தலைப்பைப் படியுங்கள், விடையை நம்பாதீர்கள். பழைய கைடில் ‘டெபாசிட் காப்பீட்டு வரம்பு எவ்வளவு?’ என்று இருக்கும், விடை ஒரு லட்சம் என்றும் இருக்கும். 2020 பிப்ரவரியில் அது ஐந்து லட்சம் ஆயிற்று. ‘அலகாபாத் வங்கியின் தலைமையகம் எங்கே?’ என்று இன்னொன்று இருக்கும். அந்த வங்கி 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னைக்காரரான இந்தியன் வங்கியோடு இணைந்துவிட்டது. கேள்வி கேட்கிறவருக்கு இந்த மாதிரி மாறிய இடங்கள்தான் அல்வா.

மாறாததும் உண்டு. ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935, அரசுடைமையானது 1949. இதை எந்த வருடக் கைடிலும் பயமில்லாமல் படிக்கலாம்.

● ‘ஒரு தாயார்’, திருவாரூர்: என் மகன் காலை முதல் இரவு வரை ‘எக்ஸாம் அனாலிசிஸ்’ வீடியோ பார்க்கிறான். கேட்டால் படிக்கிறேன் என்கிறான். உண்மையா?

அம்மா, நாள் முழுக்க கிரிக்கெட் கமென்டரி கேட்கிறவர் ரன் எடுத்த மாதிரிதான். போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, ஒரு கடிகாரம் கொடுங்கள். இருபது நிமிடத்தில் 35 கணக்கு. முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு அவர் கேட்டால் ஒரு காபியும்.

● ‘தமிழ் மீடியம்’, பெரம்பலூர்: அனாலிசிஸ் எல்லாமே ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. தேர்வும் அப்படித்தானா?

கிளார்க் தேர்வைத் தமிழில் எழுதலாம். 2021 ஜூலையில் ஆங்கிலம், இந்தி மட்டும் என்று வந்த அறிவிப்பை நிதி அமைச்சகம் நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 30-ஆம் தேதி, பிரிலிம்ஸ், மெயின்ஸ் இரண்டையும் 13 மாநில மொழிகளிலும் நடத்த முடிவானது. ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான், அதற்கு வழியில்லை. மற்றவற்றுக்கு எந்த மொழி என்பதை இப்போதே தீர்மானித்து, மாக் டெஸ்டையும் அதே மொழியில் எழுதிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் பயிற்சி எடுத்துவிட்டுத் தமிழ்த் திரையில் ‘கீழ்க்காணும் கூற்றுகளின் அடிப்படையில்’ என்று பார்த்ததும் திகைத்துப் போனவர்கள் உண்டு. 34 விநாடியில் பத்து திகைப்புக்கே போய்விடும்.

உள்ளூர் மொழித் தேர்வு என்று ஒன்றும் இருக்கிறது. அதில் உங்களுக்கு என்ன பயம்? பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தமிழ் படித்த மார்க் ஷீட் இருந்தால் ஸ்டேட் வங்கியில் அந்தத் தேர்வே எழுத வேண்டாம்.

● ‘டெலிகிராம் அட்மின்’, மதுரை: தேர்வு முடிந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கும் கேள்விகளைக் குரூப்பில் போட்டு நாலு பேருக்கு உதவலாமே?

உதவி செய்யும் மனசு பெரிது. கேள்விகளை எந்த வடிவத்திலும் வெளியிடுவது, அனுப்புவது, சேமிப்பது முறைகேடு என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. தகுதி நீக்கம் வரை போகலாம். 2024 ஜூன் 21 முதல் பொதுத் தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. அது மோசடிக் கும்பல்களைக் குறிவைத்தது என்றாலும், அதன் பட்டியலில் ஐ.பி.பி.எஸ். பெயர் இருக்கிறது. ‘அந்த ஞாபகத்தில் விளைந்த அனாலிசிஸைத்தானே நீங்கள் படிக்கச் சொல்கிறீர்கள்?’ என்று மடக்குவீர்கள். மடக்குங்கள். தலைப்பும் எண்ணிக்கையும் எனக்குப் போதும்; கேள்வி வேண்டாம். வேலைக்குப் போக வேண்டியவர் நீங்கள். சேனலுக்கு வியூஸ் சேர்க்க வேறு ஆள் இருக்கிறார்.

● ‘உள்ளே ஆள் இருக்கு’, வேலூர்: இன்டர்வியூவில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

2016 முதல் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூவே கிடையாது. இல்லாத இன்டர்வியூவில் எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது.

● ‘பழைய பேப்பர்’, தஞ்சாவூர்: உங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?

எங்கள் காலத்தில் பி.எஸ்.ஆர்.பி. இருந்தது. ஆள் எடுக்கும் அந்த வாரியங்களை 2001-இல் கலைத்துவிட்டார்கள். பிறகு வங்கிக்கு வங்கி தனித் தேர்வு; 2011-இல்தான் ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு வந்தது. அனாலிசிஸ் எங்களுக்கும் இருந்தது, பெயர் வேறு: ‘உறுதியாக வரும் 200 கேள்விகள்’. ஒரு டுடோரியலில் சைக்ளோஸ்டைல் பிரதியாக விற்றார்கள். நான் கடன் வாங்கி ஒன்று வாங்கினேன். இருநூறில் ஒன்றுகூட வரவில்லை. அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் பெருக்கல் போட்டுப் பழகினேன். வேலை அந்தப் பின்பக்கத்தால்தான் கிடைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

● ‘இத்தனைக்கும் எவ்வளவு?’, திருப்பூர்: இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால் என்ன கிடைக்கும்?

தொடக்க அடிப்படைச் சம்பளம் ₹24,050. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி. மேலே பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி. அதற்கும் மேலே, மாத முதல் வாரத்தில் பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களின் ஆசீர்வாதம். சர்வர் டவுன் என்றால் அதுவும் கிடையாது.

● ‘நாளைக்கு எக்ஸாம்’, காரைக்குடி: இன்று இரவு கடைசி நேரத்தில் எந்த அனாலிசிஸைப் பார்ப்பது?

உங்கள் நோட்டில் ‘அவசரம்’ என்று எழுதிய பக்கத்தை. பத்து நிமிடம் போதும். பிறகு கால் லெட்டர், ஒரிஜினல் அடையாள அட்டை, அதன் ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் முதல் ஷிஃப்ட் முடித்து வெளியே வருகிறவர்களிடம் எதுவும் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லப் போவது சாம்பார்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள், கடைசியாக எழுதிய மாக் டெஸ்டில் எத்தனை சரி, எத்தனை தப்பு, அதில் ‘தெரியாது’, ‘அவசரம்’, ‘நேரம்’ எத்தனை எத்தனை என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்து அனுப்பவும். குறிக்காத கடிதங்களுக்குப் பதில் கிடையாது.